நூறு ரூபாயில் இரண்டு ரூபாய் நாற்பது பைசா

2024-25 நிதியாண்டை இந்தியன் வங்கி 10,918 கோடி ரூபாய் நிகர லாபத்தோடு முடித்தது. முந்தைய ஆண்டு 8,063 கோடி. உயர்வு 2,855 கோடி. தலைப்புச் செய்தியாவது இந்த எண்தான். அதே கணக்கில் இன்னொரு வரியும் இருக்கிறது. செயல்பாட்டு லாபம் 16,840 கோடியிலிருந்து 18,998 கோடிக்கு ஏறியது. அந்த உயர்வு 2,158 கோடி மட்டுமே. மீதி 697 கோடி, வராக்கடனுக்கும் வரிக்குமாக எடுத்து வைக்கும் தொகை 8,777 கோடியிலிருந்து 8,080 கோடியாகக் குறைந்ததால் கிடைத்தது. கூடுதல் லாபத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, புதிதாகச் சம்பாதித்தது அல்ல. வெளியே போகாமல் தங்கியது.

சென்னை அவ்வை சண்முகம் சாலையில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு வங்கியின் கணக்கு இது. ஆனால் மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ நாம் போடும் பணம் எந்த வங்கிக்குள் போனாலும் ஏறத்தாழ இதே வழியில்தான் நடக்கிறது. நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வட்டி விகிதங்களை 2025 தொடக்க நிலவரத்தை ஒட்டி, கணக்கு எளிதாக இருப்பதற்காகத் தோராயமாக வைத்திருக்கிறேன்.

நூறு ரூபாயில் 3 ரூபாய் ரிசர்வ் வங்கியிடம் ரொக்க இருப்பாகப் போய்விடும். அதற்கு வட்டி கிடையாது. 18 ரூபாயை அரசுப் பத்திரம் போன்றவற்றில் வைத்தாக வேண்டும். 7 விழுக்காட்டில் 1.26 ரூபாய் வரும். மீதி 79 ரூபாயைக் கடனாகக் கொடுத்தால், 9 விழுக்காட்டில் 7.11 ரூபாய். வட்டி வரவு மொத்தம் 8.37.

இனிச் செலவு. 60 ரூபாய் வைப்பு நிதி. 7 விழுக்காட்டில் 4.20. 34 ரூபாய் சேமிப்புக் கணக்கு, 2.5 விழுக்காட்டில் 85 பைசா. 6 ரூபாய் நடப்புக் கணக்கு; வட்டியே இல்லை. வைப்புத் தொகைக் காப்பீட்டுக்கான பிரீமியம் 12 பைசா. மொத்தம் 5.17. கையில் நிற்பது 3.20.

லாக்கர் வாடகை, கமிஷன், பத்திர விற்பனை என்று வட்டி அல்லாத வரவு 1.10. சம்பளம், ஓய்வூதியம், கட்டட வாடகை, கணினிச் செலவு எல்லாம் சேர்ந்து 1.90. கடைசியில் மிஞ்சும் செயல்பாட்டு லாபம் 2 ரூபாய் 40 பைசா. ஒரு வங்கியின் தலையெழுத்து இந்த 2.40-க்குள் இருக்கிறது.

கடன் கொடுத்த 79 ரூபாயில் 2.40 என்பது 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல். நூறு பேருக்குச் சம அளவில் கடன் கொடுத்து, ஒரே ஆண்டில் மூன்று பேர் முழுதாகக் கைவிரித்தால், மற்ற 97 பேரும் ஒழுங்காகக் கட்டியும் வங்கிக்கு மிஞ்சுவது ஏதுமில்லை.

அடுத்து, யாருடைய பணம் என்ற கேள்வி. நூறு ரூபாயும் வைப்பு நிதியாகவே வந்திருந்தால் வட்டிச் செலவு 7 ரூபாய். மற்ற வரிகள் அப்படியே இருக்க, செயல்பாட்டு லாபம் 45 பைசாவாகச் சுருங்கிவிடும். ஓய்வூதியத்தையும் பணிக்கொடையையும் வைப்பு நிதியில் போடும் மயிலாப்பூர் மூத்த குடிமக்களுக்கு அரை விழுக்காடு கூடுதல் வட்டி உண்டு. 60 ரூபாயும் அவர்களுடையதே என்றால் செலவு 30 பைசா கூடும். ரங்கநாதன் தெருக் கடைக்காரரின் நடப்புக் கணக்குப் பணத்துக்கு வட்டி இல்லை என்பதால் எல்லா வங்கிகளும் அவரைத் தேடி வருகின்றன. அவருடைய கல்லாவில் இப்போது யுபிஐ வழியாகப் பணம் விழுகிறது. 2020 ஜனவரி முதல் அதற்கு வணிகரிடம் கட்டணம் வாங்க முடியாது. பணம் கணக்கில் தங்குவதுதான் வங்கிக்கு ஆதாயம். இந்தியன் வங்கியின் சேமிப்பும் நடப்பும் சேர்ந்த பங்கு 2025 மார்ச்சில் 40 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. பெரிய விளம்பரங்களைவிட இந்த விகிதம்தான் ஒரு வங்கியின் பலத்தை எனக்குச் சொல்கிறது.

அடையாறில் வீட்டுக்கடன் வாங்கியவர் பக்கம் கணக்கு வேறு. 2019 அக்டோபர் முதல் மிதக்கும் வட்டி வீட்டுக்கடன்களை ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் போன்ற வெளி விகிதத்தோடு வங்கிகள் இணைத்தாக வேண்டும். 2025 பிப்ரவரி தொடங்கி டிசம்பருக்குள் ரெப்போ 6.50-லிருந்து 5.25-க்கு இறங்கியது. 50 லட்சம் பாக்கி உள்ளவருக்கு ஆண்டுக்கு 62,500 ரூபாய் வட்டி குறையும். வங்கிக்கு அத்தனையும் வரவுக் குறைவு. ஆனால் 2024-இல் மூன்று ஆண்டுக்குப் போட்ட வைப்பு நிதிக்கு 2027 வரை பழைய வட்டியைக் கொடுத்தே ஆக வேண்டும். வட்டி இறங்கும் காலத்தில் வங்கி லாபம் நசுங்குவது இந்த இடைவெளியில்தான். ரிசர்வ் வங்கி ஒரு கையில் கொஞ்சம் திருப்பித் தந்தது: ரொக்க இருப்பு 4 விழுக்காட்டிலிருந்து 3 ஆனது. 7.37 லட்சம் கோடி வைப்புத் தொகை உள்ள இந்தியன் வங்கிக்கு இதனால் விடுபடுவது சுமார் 7,370 கோடி, 6.5 விழுக்காட்டில் போட்டால்கூட ஆண்டுக்கு 479 கோடி.

இவ்வளவும் பைசாக் கணக்கு. ரூபாய்க் கணக்கு வராக்கடனில் இருக்கிறது. அண்ணா சாலையில் தலைமையகம் உள்ள இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 2014-15 முதல் 2019-20 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் நஷ்டம் காட்டியது: 454, 2,897, 3,417, 6,299, 3,738, 8,527 கோடி. கூட்டினால் 25,332 கோடி. இதில் கவனிக்க வேண்டியது, கடைசி ஆண்டில்கூடச் செயல்பாட்டு லாபம் 3,500 கோடிக்கு மேல் இருந்தது. கவுன்ட்டரில் உட்கார்ந்தவர்கள் சம்பாதித்துத்தான் கொடுத்தார்கள். எப்போதோ கொடுத்த கடன்கள் அதை விழுங்கின. 2018 மார்ச்சில் மொத்த வராக்கடன் 25.28 விழுக்காடு, அதாவது நாலு ரூபாய்க்கு ஒரு ரூபாய். 2015 அக்டோபரில் விதிக்கப்பட்ட ரிசர்வ் வங்கிக் கட்டுப்பாடு 2021 செப்டம்பரில்தான் விலகியது. 2025 மார்ச்சில் அந்த விகிதம் 2.14, ஆண்டு நிகர லாபம் 3,335 கோடி.

இந்தியன் வங்கியும் இந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்ததுதான். 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி திவாலாகி ஆயிரக்கணக்கானோரின் பணம் முடங்கிய பிறகு, மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907-இல் தொடங்கிய வங்கி அது. திவாலின் காயத்திலிருந்து பிறந்த வங்கியே 1995-96-இல் 1,336 கோடி நஷ்டம் காட்டியது. மறுபடி லாபம் பார்த்தது 2001-02-இல், அதுவும் 33 கோடி. 2007-இல் பங்கு வெளியிடுவதற்கு முன் 3,830 கோடி சேர்ந்த நஷ்டத்தை, அரசு போட்ட மூலதனத்தில் கழித்தார்கள். அந்த 3,830 கோடி வரி கட்டிய மக்களின் பணம். அதை மறந்துவிட்டு இன்றைய லாபத்தைக் கொண்டாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்த ஆபத்தைக் குறுக்கி நடத்தும் வழியும் உண்டு. 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்டு என்ற ‘நிதி’ நிறுவனம் இன்றும் நடக்கிறது. அத்தகைய நிதிகளுக்கு 2014 விதிகள் எல்லை போட்டிருக்கின்றன: உறுப்பினருக்கு மட்டுமே கடன்; நகை, சொத்து, வைப்புத் தொகை போன்ற ஈடு வேண்டும்; சொந்த நிதியைப் போல் 20 மடங்குக்கு மேல் வைப்புத் தொகை வாங்கக் கூடாது; கடன் வட்டி வைப்புத் தொகைக்குக் கொடுக்கும் உச்ச வட்டியைவிட 7.5 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. ஈடில்லாத பெரிய கடனுக்கு அங்கே இடமில்லை. தொழிற்சாலையும் நெடுஞ்சாலையும் அந்தப் பணத்தில் எழாது என்பதும் உண்மை. அதற்கு வங்கிதான் வேண்டும், வங்கிக்குரிய ஆபத்தோடு.

இந்தியன் வங்கியின் 2024-25 கணக்கில் சொத்தின் மீதான லாபம் 1.32 விழுக்காடு. ஒரு கோடி ரூபாய்க் கடன் மூழ்கினால் அதை ஈடுகட்ட ஏறத்தாழ 76 கோடி ரூபாய்ச் சொத்து ஓராண்டு முழுக்க உழைக்க வேண்டும்.

உங்கள் வங்கியின் ஆண்டுக் கணக்கு வரும்போது நிகர லாபத்தோடு நிறுத்தாமல், செயல்பாட்டு லாபம், ஒதுக்கீடு, நிகர வராக்கடன் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். இன்னொன்று: வைப்புத் தொகைக் காப்பீடு 2020 பிப்ரவரி முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய். மயிலாப்பூர் கிளையில் 4 லட்சம், தியாகராய நகர் கிளையில் 3 லட்சம், அடையாறு கிளையில் 3 லட்சம் என்று ஒரே வங்கியில் ஒரே பெயரில் பிரித்துப் போட்டாலும் காப்பு 5 லட்சத்துக்குத்தான். பிரிப்பதானால் வெவ்வேறு வங்கிகளில் பிரியுங்கள்.