இரு நாட்டார்க்கு ஓர் ஏரி

சாக்கோட்டை வட்டாரத்தில் பிறந்தோர்க்குக் கண்மாயின் இயல்பை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மேலைக் கண்மாய் நிறைந்து, கலுங்கு வழியே மறுகால் பாய்ந்தால்தான் கீழைக் கண்மாய்க்கு நீர் வரும். மேலே அடைத்தால் கீழே வறட்சி. மேலே கெட்டால் கீழேயும் கேடு. இதனால் ஊருக்கும் ஊருக்கும் பூசல் நேர்வதுண்டு. ஊர்களுக்குப் பதிலாக இரண்டு நாடுகள் ஒரு நன்னீர் நிலையைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தால் என்னாகும்? இவ்வினாவிற்கு விடை பகர்வது வட அமெரிக்காவின் ஒன்டாரியோ ஏரி.

கடைமடை ஏரி

கனடாவிற்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கும் இடையே அமைந்த ஐம்பேரேரிகளுள் பரப்பளவில் இதுவே சிறியது. ஆயினும் நீளம் 311 கிலோமீட்டர். மிகு ஆழம் 244 மீட்டர். மேலுள்ள நான்கு ஏரிகளின் நீரும் நயாகரா ஆற்றின் வழியே இதனுள் விழுகின்றது. பின்னர்ச் செயின்ட் லாரன்ஸ் ஆறாகி அட்லாண்டிக் கடலை அடைகின்றது. நம் மொழியில் கூறின், இது கடைமடை ஏரி. எல்லைக்கோடு இதன் நடுவே செல்கின்றது. வடகரையில் டொராண்டோ மாநகர். 1983க்குப் பின் ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த தமிழர் பல்லாயிரவர் இன்று அங்கு வாழ்கின்றனர். அவர்தம் வீட்டுக் குழாயில் வருவது இவ்வேரியின் நீரே.

பீரங்கியிலிருந்து பேச்சுக்கு

இக்கரைகள் என்றும் அமைதியாக இருந்தவை அல்ல. 1812இல் மூண்ட போரில் இவ்வேரியில் போர்க்கப்பல்கள் உலவின. 1813இல் அமெரிக்கப் படையினர், அந்நாளில் யார்க் எனப்பட்ட டொராண்டோவைக் கைப்பற்றினர். அங்கிருந்த சட்டமன்றக் கட்டடம் தீக்கிரையாயிற்று. போர் ஓய்ந்தபின், 1817இல் ஓர் உடன்பாடு எழுந்தது. அதன்படி ஒன்டாரியோ ஏரியில் ஒவ்வொரு தரப்பும் நூறு டன்னுக்கு மேற்படாத ஒரே கப்பலை, ஒரே பீரங்கியுடன் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த படி 1909இல் கையொப்பமான எல்லை நீர் உடன்படிக்கை. கனடாவின் சார்பில் பிரிட்டன் கையொப்பமிட்டது. ஒரு கரையார் மறுகரையாரின் உடல்நலத்திற்கோ உடைமைக்கோ ஊறு நேருமாறு நீரை மாசுபடுத்தலாகாது என்று அது விதித்தது. குடிநீர்க்கும் தூய்மைக்கும் முதலிடம், கப்பல் போக்குவரத்திற்கு இரண்டாமிடம், மின்னாக்கத்திற்கும் பாசனத்திற்கும் மூன்றாமிடம் என வரிசையும் வகுத்தது. நாட்டுக்கு மூவராக அறுவர் கொண்ட கூட்டு ஆணையம் அமைந்தது. வலிய நாட்டுக்கு ஓர் உறுப்பினர் கூடுதல் என்ற பேச்சே அங்கில்லை.

விதி எழுதியதும் நீர் தூய்மையாகிவிடவில்லை. சலவைத் தூள்களிலும் சாக்கடைகளிலும் இருந்து வந்த பாஸ்பரஸ் பாசியைப் பெருக்கியது. 1972இல் நீர்த்தர உடன்பாடு செய்து, இரு நாடுகளும் பாஸ்பரசைக் குறைத்தன, பாசியும் குறைந்தது. ஆயினும் ஆலை நச்சுகளின் எச்சம் மீன்களில் இன்னும் முற்றும் நீங்கவில்லை.

பிணக்கும் தீர்ந்துவிடவில்லை. 2017இலும் 2019இலும் ஏரி பெருகிக் கரையோர வீடுகளைச் சூழ்ந்தது. நீர்மட்டத்தை முறைப்படுத்தும் கூட்டு ஆணையத்தின்மீது நியூயார்க் மாநிலம் 2019இல் வழக்குத் தொடுத்தது. எனினும் ஒன்று நோக்குக: 1813இல் தீ வைத்த கரையார், 2019இல் நீதிமன்றப் படியேறினர். இருநூறு ஆண்டில் இவ்வேரி கற்பித்த பாடம் இதுவே.

நமக்கு

நீர்நிலை பெருக்குதலே அரசனின் தலையாய கடன் எனப் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுறுத்தியதைப் புறநானூற்றில் கற்கின்றோம், மாணவர்க்கும் கற்பிக்கின்றோம். வகுப்பை விட்டு வெளியே வந்தால், வரத்துக்கால் தூர்ந்து, சீமைக்கருவேல் மண்டிய கண்மாய்களைக் காண்கின்றோம். இரண்டு அரசுகளுக்கு உரிய ஏரிக்கு விதியும் காவலும் உண்டு. ஒரே ஊருக்கு உரிய கண்மாயோ கேட்பாரற்றுக் கிடக்கின்றது. எல்லாருக்கும் பொது என்பது எவருக்கும் பொறுப்பில்லை என்று பொருள்படலாமா? குடிமராமத்து என்ற சொல்லை வழங்கிய மண் நம் மண். அச்சொல்லுக்கு உரிய செயலை, கீழைக் கண்மாயாரையும் உடனழைத்து, நாமே தொடங்குவோமாக.