வாயில்மணியும் மின்மாற்றியும்

வாயிலில் வந்து நிற்பவர் பித்தானை அழுத்த, உள்ளே மணி ஒலிப்பது பழைய வழக்கம். வந்தவர் முகத்தையும் பேச்சையும் வீட்டுக்காரரின் கைப்பேசிக்கு உடனே அனுப்பும் வீடியோ வாயில்மணி இக்காலத்துப் புதுமை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதனை வாங்குவோர் பலர், பழைய மணியின் கம்பிகளிலேயே மாட்டி விடுகின்றனர். பின்னர், பகலெல்லாம் செவ்வனே வேலை செய்த கருவி இரவில் அணைந்துபோகும். யாரும் அழுத்தாத வேளையில் உள்ளேயுள்ள மணி முனகும். படம் பாதியில் அறுபடும். அப்போது கருவியையே குறை கூறுவர். பெரும்பாலும் குறை கருவியினிடத்தில்லை. பரணிலோ நிலவறையிலோ பல ஆண்டுகளாக ஒருவர் கண்ணிலும் படாது கிடக்கும் சிறு மின்மாற்றியினிடத்தே உள்ளது. டிரான்ஸ்பார்மர் எனப் பலரும் அழைக்கும் அதனைத் தேர்ந்தெடுக்கும் வகையையும் பிணைக்கும் வகையையும் ஈண்டு விளக்கப் புகுகின்றோம். அந்நாட்டில் வாழும் நம் பழைய மாணவர்க்கு இது நேரே பயன்படும். இந்நாட்டில் உள்ளார்க்கும் இதனை அறியவேண்டிய காரணம் ஒன்று உண்டு; அதனைப் பின்னர்க் கூறுவோம்.

மின்மாற்றியின் தத்துவத்தை மைக்கேல் பாரடே 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ஆம் நாள் கண்டார். இரும்பு வளையம் ஒன்றில் இரு கம்பிச் சுருள்களைத் தனித்தனியே சுற்றி, ஒன்றில் ஓடும் மின்சாரம் மாறுந்தோறும் மற்றதிலும் மின்சாரம் எழுதலை அவர் கண்டார். அதே 1831-இல், அமெரிக்காவில் ஆல்பனி நகரத்துக் கல்விச்சாலையில் ஆசிரியராயிருந்த ஜோசப் ஹென்றி, ஒரு மைலுக்கு மேற்பட்ட கம்பியின் கோடியில் மின்காந்தத்தால் மணியொன்றை ஒலிக்கச் செய்தார். மணியும் மின்மாற்றியும் ஓராண்டுப் பிள்ளைகள் எனலாம். சுருள்களின் சுற்றுக்கள் எவ்விகிதத்தில் உள்ளனவோ அவ்விகிதத்திலேயே வோல்ட் அளவும் அமையும். அமெரிக்க வீடுகளில் வரும் 120 வோல்ட்டை 16 வோல்ட்டாகக் குறைக்க, முதற்சுருளில் 15 சுற்றுக்கு இரண்டாவதில் 2 சுற்று என்ற கணக்குப் போதும்.

பழைய மணிப்பெட்டியினுள் ஒரு கம்பிச்சுருளும், அதனுள் நகரும் இரும்புத் தண்டும் உள்ளன. பித்தானை அழுத்தியவுடன் சுருள் காந்தமாகித் தண்டை இழுக்க, அது சென்று உலோகத் தகட்டில் மோதுகின்றது. இவ்வேலை ஒரு விநாடியில் முடிந்துவிடும். ஆதலின் 10 வோல்ட்-ஆம்பியர் ஆற்றலுடைய மின்மாற்றியே அதற்குப் போதியதாயிருந்தது. வீடியோ மணியோ இரவும் பகலும் விழித்திருப்பது. அது மணிப்பெட்டியின் சுருள் வழியாகவே தனக்கு வேண்டிய மின்சாரத்தை இடைவிடாது சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டிருக்கும். எவரேனும் அழுத்தும்போது மட்டும் தன்னுள் வழியை முழுதும் திறந்துவிட்டு மணியை ஒலிப்பிக்கும். இருளில் படம் எடுக்க அகச்சிவப்பு விளக்குகளையும் எரித்தாக வேண்டுமாகலின் இரவில் அதன் தேவை மிகும். வலிய மின்மாற்றியேல் ஈடுகொடுக்கும். எளியதாயின் வோல்ட் தாழ்ந்து கருவி மயங்கும். உறிஞ்சும் மின்சாரம் சுருளைச் சிறிதே அசைக்கும் அளவினதாயின் மணி முனகும்.

தேர்ந்தெடுக்கும்போது மாணவர் பலர் இடறும் இடம் ஒன்றுண்டு. வோல்ட் என்பது வேறு, வோல்ட்-ஆம்பியர் என்பது வேறு. முன்னது மின்மாற்றி கருவியின்மேற் செலுத்தும் அழுத்தம். பின்னது அது தரவல்ல ஆற்றலின் எல்லை. 16 வோல்ட்டில் 10 வோல்ட்-ஆம்பியர் என்றால் 0.625 ஆம்பியர் வரை தரும். 30 என்றால் 1.875 ஆம்பியர் வரை தரும். ஏரியில் நீர் மிக்கிருந்தாலும் வயல், மடை திறந்த அளவே கொள்ளும். அதுபோல, வோல்ட்-ஆம்பியர் மிகுதியாயிருத்தலால் கருவிக்குத் தீங்கில்லை. வோல்ட் மிகுமாயின் தீங்கு உண்டு. 16 வோல்ட்டுக்கென அமைந்த பழைய மணியின்மேல் 24 வோல்ட்டைச் செலுத்தினால் சுருள் சூடேறிக் கருகலாம். ஆகவே, கருவியின் குறிப்பையும் மணிப்பெட்டியின் குறிப்பையும் ஒருங்கே படித்து, இரண்டும் ஏற்கும் வோல்ட்டையே கொள்க. பெரும்பாலான வீடுகளுக்கு 16 வோல்ட், 30 வோல்ட்-ஆம்பியர் மின்மாற்றி பொருந்தும் என்பது எம் கருத்து. அதன்மேல் ‘இரண்டாம் வகுப்பு’ என்ற அமெரிக்க விதிக்குறி உள்ளதா என்றும் பார்க்க. மணிக்கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுவிட்டாலும் தீப்பற்றாதவாறு ஆற்றல் வரம்பிடப்பட்டது என்பதே அதன் பொருள். சிறு மின்மாற்றிகள் இரண்டைச் சேர்த்து ஆற்றலைப் பெருக்க முயல்வது வேண்டா.

கம்பியும் கணக்கிலுண்டு. வாயில் 50 அடித் தொலைவாயின் மின்சாரம் போக 50, வர 50, ஆக 100 அடி ஓடவேண்டும். 22-ஆம் எண் மெல்லிய செப்புக்கம்பியில் இதன் தடை சுமார் 1.6 ஓம், ஓர் ஆம்பியர் ஓடினால் 16 வோல்ட்டில் பத்திலொரு பங்கு வழியிலேயே போய்விடும். 18-ஆம் எண் கம்பியில் இழப்பு 0.64 வோல்ட்டே.

இனிப் பிணைத்தல். முதலில் பிரேக்கரை அணைத்து, மின்சாரம் உண்மையிலேயே அற்றதென்று சோதனைக் கருவியால் உறுதிசெய்க. பிரேக்கரின்மேல் எவரோ என்றோ எழுதிவைத்த பெயரை நம்பற்க. மின்மாற்றியின் முதற்பக்கத்துக் கம்பிகள் மூன்று: கறுப்பைக் கறுப்போடும், வெள்ளையை வெள்ளையோடும், பச்சையை நிலக்கம்பியோடும் இணைத்து, இணைப்புக்கள் யாவும் மூடியுள்ள பெட்டியினுள் அடங்குமாறு செய்க. இரண்டாம் பக்கத்தின் இரு திருகாணிகள் பெட்டிக்கு வெளியே நிற்கும். மாறுமின்சாரமாதலின் இவற்றில் எக்கம்பியை எதில் இட்டாலும் ஒன்றே. அவற்றுள் ஒரு கம்பி மணிப்பெட்டிக்கும் மற்றொன்று வாயிலுக்கும் செல்லும். மணிப்பெட்டியிலிருந்து வேறொரு கம்பி வாயிலை அடைந்து வட்டத்தை நிறைவாக்கும். கருவியோடு சிறு துணைப்பொருள் ஒன்று வருமாயின், அதனை மணிப்பெட்டியில் ‘டிரான்ஸ்’, ‘பிரண்ட்’ எனக் குறித்த இரு முனைகளுக்கும் இடையே இடுக. அது சுருளுக்குப் புறத்தே ஒரு வழி தந்து முனகலை நிறுத்தும். மணிப்பெட்டியே இல்லாத வீட்டில், கருவியை மின்மாற்றியோடு நேரே இணைக்கலாமா, இடையில் தடைப்பொருள் வேண்டுமா என்பதைச் செய்தோர் கூறியபடியே கொள்ளவேண்டும்.

இந்நாட்டிற்கு வருவோம். நம் வீடுகளில் பெரும்பாலும் மின்மாற்றி என்பதே கிடையாது. வாயிற்பித்தானுக்கு 230 வோல்ட் நேரே வருகின்றது. வெளிநாட்டிலிருந்து உறவினர் அன்போடு கொணர்ந்த வீடியோ மணியை அப்பித்தானின் கம்பிகளில் மாட்டினால், கருவி எரிவதோடு, அதனைத் தொடுவார் உயிர்க்கும் இடையூறு நேரலாம். அங்கிருந்தே மின்மாற்றியையும் கொணர்வோம் என்று எண்ணுவாரும் உளர். 120 வோல்ட்டுக்குச் சுற்றிய சுருளின்மேல் 230 வோல்ட் விழுந்தால் இரும்பகம் காந்தம் நிறைந்து தெவிட்ட, சுருளில் மின்சாரம் பெருகி அது வெந்துவிடும். பிரிட்டன் நாட்டு வீடுகளில் 230 வோல்ட்டுக்குரிய மணி மின்மாற்றிகள் உண்டு. ஆயினும் பழையனவற்றுட் பல 8 வோல்ட்டே தருவனவாதலின் 16 வோல்ட் வேண்டும் கருவிக்கு அவையும் போதா. எனவே இந்நாட்டார் மின்கலத்தால் இயங்கும் வகையைக் கொள்க. அன்றேல் 230 வோல்ட்டை ஏற்றுக் கருவி கேட்கும் வோல்ட்டையே தரும் மின்மாற்றியை வீட்டினுள் வைத்து, அதன் தாழ்ந்த வோல்ட்டுக்கெனப் புதுக்கம்பி வாயிலுக்கு இழுக்கச் செய்க. பழைய பித்தானின் கம்பிகளைச் சுவரில் வெறுமனே விடாது, தேர்ந்த மின்தொழிலாளரைக் கொண்டு சுவிட்சுப் பலகையிலேயே கழற்றிவிடுதல் வேண்டும்.