‘பிக்கப்’ எங்கே இருக்கிறது?

தண்டையார்பேட்டையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையோடு அன்றாடம் மோட்டார் சைக்கிளில் போய்வருகிறவர்களுக்கு வேகம் என்பது பெரும்பாலும் ஏட்டளவான விஷயம். முன்னும் பின்னும் லாரிகள் நிற்க, ஷேர் ஆட்டோ குறுக்கே வர, கிடைத்த சந்தில் சட்டென்று புகுந்து வெளியேறுவதுதான் அவர்களுடைய நித்திய அனுபவம். ஆகவே மெக்கானிக்கிடம் வண்டியை நிறுத்துகிற இளைஞர் ‘நூறில் போகணும்’ என்று கேட்பதில்லை. ‘முறுக்கினா உடனே தூக்க மாட்டேங்குதுண்ணே, பிக்கப் வேணும்’ என்கிறார். கேள்வி நியாயமானது. அதற்கு வழக்கமாகக் கிடைக்கிற விடைதான், என் அபிப்பிராயத்தில், தவறானது.

இந்த வட்டாரத்துக்கு மோட்டார் சைக்கிள் சாஸ்திரம் புதிதன்று. மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் 1955-இல் கூட்டாகத் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, வடக்கே சில மைல் தொலைவிலுள்ள திருவொற்றியூரில்தான் புல்லட்டை உற்பத்தி செய்யலாயிற்று. செங்குன்றத்துக்கு அப்பால் சோழவரத்தில், யுத்தகாலத்து விமான ஓடுதளத்தின்மீது, 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டுகள் பந்தயங்களை நடத்திற்று. பந்தயக்காரன் பெரும்பொழுது ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்தே ஓட்டுகிறவன். பெரிய மெயின் ஜெட், அகன்ற கார்ப்பரேட்டர், தடையற்ற ஏர் ஃபில்டர் ஆகியவை அவனுக்குத் தேவை. அவனுக்குப் பொருந்திய வைத்தியத்தை அப்படியே சாலைக்குக் கொண்டுவந்து, கால்வாசிகூடத் திறக்க வாய்ப்பில்லாத வண்டிக்குச் செய்வதில்தான் விபரீதம் ஆரம்பிக்கிறது.

முறுக்கியவுடன் என்ன நேர்கிறது என்று பார்ப்போம். கார்ப்பரேட்டரில் காற்றின் வழியைத் திறந்து மூடும் ஸ்லைடு மேலே எழும்பிய அக்கணமே காற்று உள்ளே பாய்ந்துவிடுகிறது. பெட்ரோலோ காற்றைவிடப் பன்மடங்கு கனமானதாகையால் பின்தங்குகிறது. அதை ஜெட் என்னும் சிறு துளையிலிருந்து உறிஞ்சியெடுக்க வேண்டிய வெற்றிடமும், வழி திடீரென்று அகன்றுவிட்டபடியால், அந்த ஒரு கணம் பலவீனப்படுகிறது. எஞ்சினுக்குள் போவது வெறும் காற்றுக்குச் சமீபமான கலவை. வண்டி ‘மூச்சு முட்டுகிறது’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இந்தக் கணத்தைத்தான். 24 மில்லிமீட்டர் கார்ப்பரேட்டர் இருந்த இடத்தில் 28 மில்லிமீட்டரைப் பொருத்தினால், குறைந்த வேகத்தில் காற்றோட்டம் மேலும் மந்தமாகி, முட்டுகிற மூச்சு இன்னும் அதிகமாகத்தான் முட்டும். நெடுஞ்சாலையில் கிடைக்கும் ஆதாயம் நாற்சந்தியில் நஷ்டமாகும்.

மெயின் ஜெட்டின் ஆட்சி ஏறக்குறைய முக்கால் திறப்புக்கு மேல்தான். எட்டில் ஒரு பங்கு திறப்புவரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், அதற்குமேல் கால்வாசிவரை ஸ்லைடின் அடியில் சாய்வாக வெட்டப்பட்ட பகுதியும், அங்கிருந்து முக்கால்வரை ஸ்லைடோடு சேர்ந்து ஏறியிறங்கும் ஊசியும் கலவையை நிர்ணயிக்கின்றன. எல்லைகள் கோடு கிழித்தாற்போல் இருப்பதில்லை, ஒன்றன்மேல் ஒன்று கவிந்தே வரும் என்பது உண்மையே. ஆயினும் சந்தில் நுழைகிறவனுடைய பிக்கப் முதலிரண்டு பகுதிகளிலும் ஊசியின் தொடக்கத்திலும் அடங்கியிருக்கிறது.

ஊசி பார்ப்பதற்கு அற்பமான சாமான். தலைப்பக்கத்தில் பெரும்பாலும் ஐந்து பள்ளங்கள். அவற்றுள் ஒன்றில் நகக்கண்ணளவு கிளிப் ஒன்று மாட்டியிருக்கும். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி அவ்வளவு மேலே உயரும், பெட்ரோல் சற்று அதிகமாக வரும். செலவில்லாத, மீட்கக்கூடிய மாற்றம் இது. ஏர் ஸ்க்ரூவும் அப்படியே: எஞ்சின் நன்றாகச் சூடேறியபின், முழுக்க மூடிய நிலையிலிருந்து ஒன்றரைச் சுற்று அளவில் தொடங்கி, ஐடில் எங்கே சீராக உயர்கிறதோ அங்கே நிறுத்துவது பழைய கைத்தொழில் முறை. இவற்றை விட்டுவிட்டு ஜெட்டின் துளையைக் கம்பியால் குடைந்து பெரிதாக்குகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமே மேலிடுகிறது. குடைந்த ஜெட்டின்மேல் பொறித்திருக்கும் எண் அன்றுமுதல் பொய்.

கார்ப்பரேட்டரைத் தொடுமுன் கேபிளைப் பார்க்கவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேபிளில் தளர்ச்சி இருந்தாலோ, எஞ்சினுக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர் வெடித்துக் காற்று கசிந்தாலோ, எந்த ஜெட்டும் பிரயோஜனப்படாது.

இனி, இதெல்லாம் வெறும் இளைஞர் விளையாட்டு என்று ஒதுக்க முடியாதபடி ஒரு புதுக் காரணம் வந்திருக்கிறது. தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்குகளில் நிரப்பிக்கொண்டு டாங்கர் லாரிகள் பெட்ரோல் பங்குகளுக்கு எடுத்துச் செல்லும் பெட்ரோலில் இப்போது 20 சதவிகிதம் எத்தனால். சுத்தமான பெட்ரோல் பூரணமாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 போதும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் தயாராகும் பெரும்பாலான வண்டிகளில் இன்ஜெக்‌ஷனும் ஆக்ஸிஜன் சென்சாரும் இருப்பதால் அவை தாமாகவே ஈடுகட்டிக்கொள்கின்றன. பழைய கார்ப்பரேட்டரின் பித்தளை ஜெட்டுக்கு அந்த விவேகம் ஏது? அது பழைய அளவிலேயே ஊற்ற, கலவை வறண்டுபோகிறது. முன்பு சரியாக ஓடிய பழைய புல்லட்டும், 1985-இல் வந்து இன்றும் இந்தத் தெருக்களில் செல்லப்பிள்ளையாக உலவும் யமஹா ஆர்.எக்ஸ். 100-உம் திடீரென்று மூச்சு முட்டினால், இதையும் சந்தேகிக்க வேண்டும். பெட்ரோலோடு ஆயில் சேர்ந்தெரியும் டூ ஸ்ட்ரோக் வண்டியில் வறண்ட கலவை பிக்கப்பை மட்டும் கெடுப்பதில்லை. சூடேறிப் பிஸ்டனையே பிடிக்கவைத்துவிடும்.

ஆகவே வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: கம்பெனி அளவிலிருந்து தொடங்குங்கள், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். காப்பிப்பொடி நிறமானால் நலம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் மிகுதி. கழற்றிய ஜெட்டைக் காகிதத்தில் மடித்து, எண்ணை எழுதி வையுங்கள். புகைச் சோதனையையும் ஒருமுறை செய்துகொள்ளுங்கள்: 2000 மார்ச்சுக்கு முன் தயாரான இருசக்கர வாகனத்துக்கு ஐடிலில் அனுமதிக்கப்பட்ட கார்பன் மோனாக்சைடு 4.5 சதவிகிதம்தான்.