ஆற்றின் தூய்மை வீட்டின் பின்புறத்தில் தொடங்குகிறது

2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிலாங்கூரில் கடும் வறட்சி. லங்காட் ஆற்றில் அம்மோனியாவின் அளவு உயர்ந்துவிட்டதால் செராஸ் 11ஆவது மைல், புக்கிட் தம்போய் ஆகிய இரு நீர் சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தண்ணீர் லோரி எப்போது வரும் என்று மக்கள் காத்திருக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

மழை இல்லாததால் வந்த வினை என்று பலரும் நினைத்திருக்கலாம். ஆனால், வறட்சி அம்மோனியாவை உண்டாக்குவதில்லை. ஆற்றில் நீர் நிறைய ஓடும்போது கரைந்து மறைந்துவிடும் கழிவு, நீர் வற்றும்போது அடர்ந்து நிற்கிறது. அவ்வளவுதான்.

அந்த அம்மோனியா எங்கிருந்து வருகிறது? குப்பை மேடுகள், கால்நடைப் பண்ணைகள், தொழிற்சாலைகள் என்று பல இடங்களைக் காட்டலாம். மனிதக் கழிவும் அவற்றுள் ஒன்று. அம்மோனியா கலந்த நீரில் குளோரினைப் போட்டால், அம்மோனியா அதைப் பிடித்துக்கொள்கிறது. கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் அந்த வேலையைச் சரியாகச் செய்ய முடிவதில்லை. அதனால்தான் நிலையத்தையே மூடுகிறார்கள்.

மலேசியர்கள் குடிக்கும் நீரில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் ஆறுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. ஆக, கழிவறையிலிருந்து போவதும் சமையலறைக் குழாயில் வருவதும் ஒரே ஆற்றோடு தொடர்புடையவை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் காவல்காரர் யார்?

இண்டா வாட்டரின் பொறுப்பு

ஒரு காலத்தில் கழிவுநீரைக் கவனிக்கும் வேலை அந்தந்த ஊராட்சி மன்றங்களிடம் இருந்தது. பண வசதியும் பொறியியலாளர்களும் உள்ள மன்றங்கள் சமாளித்தன, மற்றவை திணறின. 1993இல் கழிவுநீர்ச் சேவைச் சட்டம் இயற்றப்பட்டு, 1994 முதல் இண்டா வாட்டர் கொன்சோர்டியம் என்ற நிறுவனம் இந்தப் பொறுப்பை ஏற்றது. தனியாரிடம் இருந்த அந்த நிறுவனத்தை 2000ஆம் ஆண்டில் அரசாங்கமே நிதியமைச்சின்வழி வாங்கிக்கொண்டது. இன்று 7,000க்கும் மேற்பட்ட கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை அது பராமரிக்கிறது.

அங்கே என்னதான் நடக்கிறது? வந்து சேரும் கழிவுநீரில் முதலில் துணி, பிளாஸ்டிக், மணல் போன்றவை வடிகட்டப்படுகின்றன. மேலே மிதக்கும் எண்ணெய் அகற்றப்படுகிறது. பிறகு பெரிய தொட்டிகளில் காற்று செலுத்தப்படுகிறது. உண்மையான வேலை அங்கேதான் நடக்கிறது. காற்றைச் சுவாசிக்கும் நுண்ணுயிர்கள் கழிவை உணவாகத் தின்று பெருகுகின்றன. அவற்றுள் ஒரு வகை, அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றிவிடுகிறது. கடைசியில் நுண்ணுயிர்கள் சேறாக அடியில் படிய, தெளிந்த நீர் ஆற்றுக்குப் போகிறது. மழை பெய்தாலும் பெருநாள் வந்தாலும் இந்த உயிர்களுக்கு விடுமுறை கிடையாது. காற்று நின்றால் அவை மடிந்துவிடும். மின்சாரச் செலவு ஏன் அதிகம் என்பது இப்போது விளங்கும்.

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 225 லிட்டர் கழிவுநீர் என்பது மலேசியாவில் பின்பற்றப்படும் கணக்கு. ஐந்து பேர் உள்ள குடும்பத்திலிருந்து தினமும் 1,125 லிட்டர்! கோலாலம்பூர், பந்தாய் டாலாமில் உள்ள பந்தாய் 2 நிலையம் 14 லட்சம் பேருக்கு ஏற்றவாறு கட்டப்பட்டது. பழைய கழிவுநீர்க் குளங்கள் இருந்த இடத்தில் நிலையத்தை நிலத்துக்கு அடியில் அமைத்து, மேலே பூங்கா போட்டிருக்கிறார்கள். இங்கே சுத்திகரிக்கப்படும் நீர் கிள்ளான் ஆற்றில் சேர்ந்து, மலாக்கா நீரிணைக்குப் போகிறது. பினாங்கில் ஜெலுத்தோங் கடலோரத்தில் உள்ள பெரிய நிலையமும் இதே பணியைச் செய்கிறது.

ஆறு கெட்டால் கடல் மட்டும் தப்புமா? சுத்திகரிக்காத கழிவு கரையோரத்தில் சேரும்போது குளிப்பவர்களுக்கு வயிற்றுப்போக்கும் தோல் நோயும் வரலாம். கடல்நீரை வடிகட்டி உண்டு வாழும் கெராங் சிப்பிகள் அந்தக் கிருமிகளையும் சேர்த்தே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அவை மறுபடியும் மனிதரின் தட்டுக்கு வருகின்றன.

குழாய்க்குள் வராத கழிவு

இவ்வளவு நிலையங்கள் இருந்தும் ஆறுகள் ஏன் கலங்கியே ஓடுகின்றன? நிலையத்துக்கு வந்து சேரும் கழிவைத்தான் நிறுவனம் சுத்திகரிக்க முடியும். வராததை என்ன செய்வது?

மலேசியாவில் மழைநீருக்கு ஒரு வழி, கழிவுநீருக்கு வேறு வழி. வீட்டுக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள சாக்கடையில் விழுவது எதுவும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாது. நேராக ஆற்றுக்குத்தான் போகும். பழைய தாமான் வீடுகள் பலவற்றில் பாத்திரம் கழுவும் நீரும் துணி துவைக்கும் நீரும் இன்றும் அந்தச் சாக்கடையில்தான் விழுகின்றன. சாப்பாட்டுக் கடையின் பின்புறம் ஊற்றப்படும் எண்ணெய்க்கும் அதே கதிதான்.

அடுத்தது, செப்டிக் தொட்டி. பொதுக் குழாயோடு இணைக்கப்படாத வீடுகளில் இந்தத் தொட்டிதான் துணை. நாடு முழுவதும் இப்படிப் பத்து லட்சத்துக்கும் அதிகமான தொட்டிகள் இருக்கின்றன. கனமான கழிவு அடியில் படியும், எண்ணெய்ப் படலம் மேலே மிதக்கும், நடுவில் உள்ள நீர் மட்டும் வெளியேறும். இதுதான் அதன் அமைப்பு. சேறு நிறைந்துவிட்டால் நடுவில் இடமே இருக்காது. உள்ளே போகும் கழிவு அப்படியே வெளியே வந்து சாக்கடையில் கலக்கும். வீட்டுக்காரருக்கு எதுவும் தெரியாது. கழிவறை வழக்கம்போல் வேலை செய்யும்!

அதனால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சேற்றை உறிஞ்சி எடுக்க வேண்டும். முன்பு இண்டா வாட்டர் லோரி அட்டவணைப்படி வீடு தேடி வந்தது. 2006ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில்துறைச் சட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தபின், அழைத்தால்தான் வரும் என்ற முறை வந்தது. அழைப்பவர்கள் குறைந்துபோனார்கள். தொட்டியைப் பராமரிப்பது வீட்டுக்காரரின் கடமை என்று அந்தச் சட்டம் சொல்வதும் பலருக்குத் தெரியவில்லை.

8 வெள்ளியும் பழியும்

எல்லாப் பழியையும் பொதுமக்கள் மீது சுமத்துவதும் நியாயமாகாது. மேம்பாட்டாளர்கள் ஒவ்வொரு தாமானுக்கும் ஒரு சிறிய நிலையத்தைக் கட்டி ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அவற்றுள் பழையவை பல, இன்றைய அளவுக்கு அம்மோனியாவைக் குறைக்கும் வகையில் அமைக்கப்பட்டவை அல்ல. அவற்றை மூடிவிட்டுப் பெரிய நிலையங்களோடு இணைக்கும் வேலைக்குப் பணமும் நிலமும் வேண்டும். இதைச் செய்து முடிப்பது நிறுவனத்தின் கடமை, அரசாங்கத்தின் கடமை.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். பொதுக் குழாயோடு இணைந்த சாதாரண வீட்டுக்கான கட்டணம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மாதம் 8 வெள்ளியாகவே இருந்து வந்தது. அந்த வசூல் செலவுக்குப் போதாமல், குறையை அரசாங்கம் ஈடுகட்டியது. "கண்ணுக்குத் தெரியாத சேவைக்கு எதற்குப் பணம்?" என்று கட்டணத்தைக் கட்டாமல் விட்டவர்களும் உண்டு.

இன்றே செய்யக்கூடியவை

செப்டிக் தொட்டி உள்ளவர்கள் கடைசியாக எப்போது சேறு எடுத்தோம் என்று யோசித்துப் பார்க்கட்டும். நினைவில்லை என்றால், நாள் தாண்டிவிட்டது என்று பொருள். தொட்டியின் மூடியைத் தாங்களே திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் வாயு உயிரைப் பறித்துவிடும். உரிமம் பெற்றவர்களையே அழைக்க வேண்டும்.

தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெயைத் தொட்டியிலோ சாக்கடையிலோ ஊற்றாமல், ஆறவைத்துப் போத்தலில் சேர்த்து, பயன்படுத்திய எண்ணெயை வாங்குபவர்களிடம் கொடுக்கலாம். ஈரத் துடைப்பான், குழந்தையின் அணையாடை ஆகியவற்றைக் கழிவறையில் போடாமல் குப்பையில் போடலாம். கூரை மழைநீர்க் குழாயைக் கழிவுநீர்க் குழாயோடு இணைக்கக் கூடாது. மழை நாளில் நிலையம் நிரம்பி வழிய அதுவும் ஒரு காரணம்.

அடுத்த வறட்சி வரத்தான் போகிறது. அன்றைக்கு ஆற்றில் எது அடர்ந்து நிற்கும் என்பதை, இன்றைக்கு வீட்டின் பின்புறச் சாக்கடையில் ஓடுவதே முடிவு செய்கிறது. அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அங்கே ஓடும் நீர், என்றோ ஒரு நாள் நம் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரோடு கலக்கக்கூடியது.