கண்ணிமைக்குள் ஒரு கிராம் தங்கம்

முகவாதம் வந்தவரைப் பார்த்து "வாய் ஒருபக்கமா இழுத்துக்கிச்சு" என்போம். இழுக்கிற பக்கம்தான் நல்ல பக்கம். மறுபக்கத் தசை படுத்துவிட்டதால், தடுக்க ஆளில்லாமல் வாயைத் தன்பக்கம் கொண்டுபோய்விடுகிறது.

முகத்தசைகளை ஆட்டுவிப்பது மூளையிலிருந்து வரும் ஏழாவது நரம்பு. காதருகே எலும்புக்குள், சுமார் 3 செ.மீ. நீளமுள்ள இடுக்கான பாதையில் அது வருகிறது. அங்கே வீங்கினால் நசுங்கும். அப்படி வருகிற பெல் வாதம் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும். அறுவை சிகிச்சை, விபத்தில் நரம்பு அறுந்தவர்கள், தொழுநோயால் நரம்பு கெட்டவர்கள் போன்றோருக்குத்தான் பெரும்பாலும் தேவைப்படும்.

அவர்களுக்கு முதலில் காப்பாற்ற வேண்டியது கண். இமையைத் திறப்பது மூன்றாவது நரம்பு, மூடுவது ஏழாவது. ஆகவே கண் திறக்கும், மூடாது. கருவிழி வறண்டு புண்ணாகிப் பார்வையே போகலாம். இதற்காக மேலிமைக்குள் ஏறக்குறைய ஒரு கிராம் எடையில் தங்கத் தகடு ஒன்றை வைத்துத் தைக்கிறார்கள். திறக்கும் தசை தளர்ந்ததும் தகட்டின் கனமே இமையை இறக்கிவிடும். தி.நகர் உஸ்மான் சாலையில் நாம் வாங்கும் 22 காரட் இதற்கு ஆகாது; செம்பு கலக்காத 24 காரட் வேண்டும். தங்கம் இரும்பைவிட இரண்டரை மடங்கு அடர்த்தியானது என்பதால் மெல்லிய தகடே போதும். படுத்தால் மட்டும் இந்த வித்தை சரியாகப் பலிக்காது. இரவில் கண்ணுக்குக் களிம்புதான்.

தொங்கும் கன்னத்துக்கு வேறு வழி: கொடிக்கயிற்றை இழுத்துக் கட்டுவதுபோல, வாயோரத்தை நெற்றிப்பொட்டுப் பக்கமோ கன்ன எலும்போடோ தூக்கிக் கட்டுவது. கயிறு, நோயாளியின் தொடையிலிருந்து எடுத்த உறுதியான சவ்வாக இருக்கலாம், கோர்டெக்ஸாகவும் இருக்கலாம். நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் பூசும் அதே டெஃப்லான் வகைப் பொருளை வேகமாக இழுத்து, நுண்துளைகள் விழச்செய்து, 1969-இல் பாப் கோர் உருவாக்கியது அது. நாளாக ஆகத் தளரும் என்பதால் அறுவையின்போதே சற்று அதிகமாக இழுத்துவைப்பார்கள். அந்நியப் பொருள் என்பதால் சீழ் பிடிக்கும் ஆபத்தும் உண்டு. என் ஓட்டு தொடைச் சவ்வுக்கே. எதைக் கட்டினாலும் முகம் சிரிக்காது. ஆனால் காபி வாயோரம் வழியாது, சோறு கன்னத்தில் தங்காது. அது சின்ன விஷயமா என்று பட்டவரைக் கேட்க வேண்டும்.

அசைவும் வேண்டுமென்றால் தசையைக் கடன் வாங்க வேண்டும். வேலூர் அருகே 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் இதைச் செய்தார்கள். மெல்லும் தசைக்கு ஐந்தாவது நரம்பு, அது கெடவில்லை. பொட்டிலுள்ள அந்தத் தசையின் ஒரு பட்டையை இமைகளுக்குள் கொண்டுவந்து கட்டினால், பல்லைக் கடித்ததும் கண் மூடும். கண்ணை மூட வாயைப் பழக்கினார்கள்!

முகம் கோணினால் காற்று பட்டது என்று எண்ணெய் தடவிக்கொண்டிருக்காதீர்கள். அது மூளைப் பக்கவாதமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பெல் வாதம்தான் என்றாலும் ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவதே நல்லது.