பேசாமல் புரியவைத்த விளம்பரம்

கிள்ளானில் கைத்தொலைபேசி வாங்க வரும் பெரியவரிடம் "டேட்டா, ரோமிங்" என்று அடுக்கினால் தலையை ஆட்டுவார், ஆனால் புரிந்திருக்காது. தொழில்நுட்பத்தை விற்பவர்களுக்கு எங்கும் உள்ள சிக்கல் இது. இதை எப்படித் தீர்ப்பது?

2009-இல் ஐபிஎல் கிரிக்கெட்டின்போது இந்தியத் தொலைக்காட்சிகளில் வோடஃபோனின் 'ஜூஜூ' விளம்பரங்கள் ஒளியேறின. ஓகில்வி நிறுவனம் உருவாக்க, பிரகாஷ் வர்மா தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் படமாக்கினார். முட்டைத் தலையும் ஒல்லிக் கை கால்களும் கொண்ட அந்த வெள்ளை உருவங்களைப் பலரும் கணினி வரைகலை என்றே எண்ணினர். உண்மையில் அவை துணி உறைக்குள் நடித்த மனிதர்கள்! உருவம் சிறிதாகத் தெரிய, அரங்கப் பொருள்களைப் பெரிதாகச் செய்தனர். முகபாவங்களை ரப்பரில் செய்து ஒட்டினர்.

கிரிக்கெட் தகவல், அழகுக் குறிப்பு என ஒரு விளம்பரத்துக்கு ஒரே சேவை. அதற்கு ஒரே சம்பவம். ஜூஜூக்கள் பேசியது எந்த மொழியும் அன்று. அதனால் பல மொழி பேசும் நாட்டில் அனைவருக்கும் புரிந்தது. சேவை இயங்கும் விதத்தை விளக்காமல், அதனால் கிடைக்கும் பயனைக் காட்டினர்.

எளிமைக்கும் எல்லை உண்டு. அரை நிமிடத்தில் பயன் தெரியும். கட்டணமும் நிபந்தனையும் தெரியாது. எனவே, கையெழுத்திடும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: மாதம் எத்தனை ரிங்கிட்? வேண்டாமென்றால் எப்படி நிறுத்துவது?