கீழ்வீட்டுக்குக் கேட்காத சுத்தியல்

அடுக்குமாடி வீட்டில் தோல் பர்ஸ் செய்யப் பழகுபவர்களுக்குத் தோலைவிடக் கீழ்வீடுதான் பெரிய தொல்லை. தையலுக்கு வரிசையாக ஓட்டை போட வேண்டும். ஒவ்வொரு ஓட்டைக்கும் உளியை வைத்துச் சுத்தியலால் தட்ட வேண்டும். காதைத் துளைக்கும் அந்த 'டக்'குக்குப் பயந்து பலர் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார்கள். கீழே தூங்குபவரை எழுப்புவது அது இல்லை.

காற்றில் வரும் சத்தத்தை 15 செ.மீ. கான்கிரீட் தளம் ஏறக்குறைய 50 டெசிபல் குறைத்துவிடும். மேஜைக் கால் வழியாக இறங்கும் அதிர்வுக்கு அந்தத் தடை கிடையாது. நேராகத் தளத்துக்குள் புகுந்து அதையே ஆட்டுகிறது. கீழ்வீட்டின் கூரை முழுக்க ஒலிபெருக்கியாகிவிடுகிறது. கட்டடத்தின் இந்தக் குணத்தை அளக்கத் தனிக் கருவியே உண்டு: 500 கிராம் சுத்தியல்கள் ஐந்து, 4 செ.மீ. உயரத்திலிருந்து வினாடிக்கு 10 அடி என்று மாறிமாறித் தரையில் விழும். அளப்பவர் நிற்பது கீழ்த்தளத்தில்.

அரை கிலோ சுத்தியல் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரும்பின் மேல் பட்டு அரை மில்லி வினாடியில் நின்றால் சராசரி விசை 3,000 நியூட்டன். சுமார் 300 கிலோ பாரம். நைலான் தலை உள்ள சுத்தியலில் அதே வேகம் தணிய 2 மில்லி வினாடி ஆனால் விசை கால்பங்காகிவிடும். நம் காது கூர்மையாகக் கேட்கும் கீச்சொலிகள் சுருக்கென்ற அடியில்தான் பிறக்கின்றன. அடி கொஞ்சம் நீண்டாலே அவை மங்கி, உங்கள் அறை அமைதியாகும். ஆனால் மொத்த உந்தம் மாறவில்லையே! கீழே போகும் 'தொம்' அதைப் பொறுத்தது. நைலானுக்கெல்லாம் அது மசியாது.

அதற்கு மருந்து கருங்கல். திருவிழாத் திடலில் ஒருவர் மார்பில் பாறாங்கல்லைச் சுமந்து படுத்திருக்க, இன்னொருவர் சம்மட்டியால் அதை உடைப்பார். கீழே கிடந்தவர் எழுந்து கும்பிடு போடுவார். கனமான கல் மெதுவாகத்தான் நகரும், ஆற்றலில் சிறு பங்கைத்தான் கீழே தரும். அதே கணக்குதான் இங்கும். 10 கிலோ கல்லின் மேல் அரை கிலோ சுத்தியல் துள்ளாமல் இறங்கினால், ஆற்றலில் 21-ல் ஒரு பங்குதான் கல்லின் அசைவாகிறது. மீதி தோலைத் துளைப்பதிலும் சூட்டிலும் தீர்கிறது. சத்தம் குறைவதோடு ஓட்டையும் சுத்தமாக விழும். (உளிமுனை மழுங்காமலிருக்க, தோலுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் பலகை.) கல்லை விட்டுவிட்டு மெத்தென்ற பாயின் மேலேயே தோலை வைத்தால் உளி இறங்காது, இரண்டு மடங்கு அடிக்க நேரும்.

பாய் போக வேண்டிய இடம் கல்லுக்கு அடியில். பலர் காசை வீணாக்குவதும் இங்கேதான். கடையில் விற்கும் கெட்டி ரப்பர் பாய், கல்லின் பாரத்தில் 0.1 மி.மீ. அமுங்கினால், கல்லும் பாயும் சேர்ந்து தோராயமாக 50 ஹெர்ட்ஸில் ஆடும். அந்த அளவைப்போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளைத்தான் அது தடுக்கும். அதற்குக் கீழே தடுப்பதற்குப் பதில் கூட்டியே விடும். 4 மி.மீ. அமுங்கும் பொருளானால் ஆட்டம் 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். 'தொம்'மில் பெரும்பகுதி கல்லோடு நின்றுவிடும்.

இன்னொரு சங்கதி: ரப்பர் அமுங்குவது போலத் தெரிந்தாலும் அதன் கொள்ளளவு அநேகமாகக் குறைவதே இல்லை, பக்கவாட்டில் பிதுங்குகிறது. கல் முழுவதற்கும் ஒரே விரிப்பாகப் போட்டால் பிதுங்க இடமேது? அதே ரப்பரைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மூலைக்கொன்றாக இடைவெளி விட்டு வைத்தால் நன்றாக அமுங்கும். பொற்கொல்லர்கள் தகட்டை அரக்கில் பதித்துத் தட்டும்போது ஓசை அடங்கியே கேட்பதற்குக் காரணம் வேறு: அரக்கு அதிர்வைத் தனக்குள்ளேயே சூடாக்கிக் கரைத்துவிடுகிறது. மணல் மூட்டையும் அப்படித்தான், மணிகள் ஒன்றோடொன்று உரசியே அடியைத் தின்றுவிடும்.

இத்தனையும் வேண்டாமென்றால் நெம்புகோல் வைத்த கைப்பிரஸ் இருக்கிறது. கை கொடுக்கும் 150 நியூட்டனை 20 மடங்காக்கினால் அதே 3,000 நியூட்டன். மோதல் இல்லாததால் ஓசையும் இல்லை. தட்டித் தட்டி வேலை செய்யும் சுகம் மட்டும் போய்விடும். அது பிடித்துத்தான் பலர் இந்தக் கைத்தொழிலுக்கே வருகிறார்கள்.